வியாழக்கிழமை குணமானவர்

அந்த பிசியோதெரபி நிலையத்தில் அவளை எல்லோரும் அட்டவணையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக வாசல் மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை மணி, யாருக்கு எந்தக் கட்டில், யாருக்கு இடுப்பு, யாருக்குத் தோள்பட்டை என்று நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதி வருபவள். கட்டம் போடாமல் அவளால் ஒரு நாளைத் தொடங்க முடியாது. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருப்பாள். திங்கட்கிழமை துணி துவைப்பது யார், செவ்வாய்க்கிழமை குப்பை எடுத்துப் போவது யார், புதன்கிழமை பாத்ரூம் கழுவுவது யார் என்று வரிசையாக இருக்கும். எல்லாக் கட்டத்திலும் அவள் பெயரே இருக்கும் என்பது வேறு விஷயம். கோடு மட்டும் அப்படியொரு நேராக இருக்கும்.

நிலையத்தின் முதலாளியை டாக்டர் என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர்தான். பிடித்துக்கொண்ட கழுத்தோடு கண்ணீரோடு வருகிறவர்கள் அரை மணியில் தலையைத் திருப்பி அவளுக்கு டாட்டா சொல்லிவிட்டுப் போவார்கள். இருந்து என்ன பயன்? எதிர்த்தெருவில் ஒரு பல் மருத்துவர் அம்மா வந்து சேர்ந்தார். தினமும் காலையில் போன் முன்னால் ஒரு நிமிடம் சிரித்துப் பேசுவார். அதைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அந்த எரிச்சலுக்கு மருந்து சொல்லத்தான் அவருடைய மச்சினன் வந்தான்.

மச்சினன் என்றால் டாக்டர் மனைவியின் தம்பி. மூன்று வாரம் ஆன்லைனில் வகுப்பு கேட்டு, சமூக வலைத்தளங்களை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்டவன். கூலிங்கிளாஸைத் தலைமேல் ஏற்றிவிட்டுத்தான் பேசுவான். வந்த அன்றே சிகிச்சை அறையில் இருந்த இரண்டாவது கட்டிலைச் சுவரோரம் தள்ளி, அந்த இடத்தில் வளையமாக எரியும் ஒரு விளக்கையும் ஒரு பிளாஸ்டிக் செடியையும் வைத்தான். அதன் பிறகு இடுப்பு வலிக்காரர்கள் செடியைச் சுற்றிக்கொண்டுதான் கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது.

"மாமா, ஒரு மாசத்துக்கு என்னென்ன போடப்போறோம்னு இப்பவே பிளான் போடணும். ஒரு நாள் விட்டாலும் போச்சு. வாசல் மேஜை அக்கா எப்பவும் போனும் கையுமாத்தானே இருக்காங்க, அவங்களே பார்த்துக்கட்டும்" என்றான்.

அவள் போனும் கையுமாக இருந்தது அப்பாயின்ட்மென்ட் கேட்டு ஓயாமல் வந்த அழைப்புகளால்தான். அதை யார் கேட்டார்கள்? வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவளும் வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டதாகச் சொன்னால் பொய். அன்று மாலையே ஒரு சார்ட் அட்டை வாங்கி, முப்பது கட்டம் போட்டு, கிழமைக்கு ஒரு நிறம் அடித்துவிட்டாள். திங்கள் என்றால் ஒரு பயிற்சி. செவ்வாய்க்கு மக்களின் ஒரு மூடநம்பிக்கையை உடைப்பது. புதன்கிழமை டாக்டரின் சிந்தனை. டாக்டருக்குச் சிந்தனை எதுவும் வராததால் அதையும் அவளே சிந்தித்தாள். வெள்ளிக்கிழமை வாசகர் கேள்விக்குப் பதில்; கேள்விகளையும் அவளே கேட்டாள். 'முதுகெலும்பு உங்கள் உடலின் நம்பிக்கை' என்று ஒரு புதன்கிழமைக்கு எழுதியபோது அவளுக்கே புல்லரித்துவிட்டது.

படம் பிடிப்பது மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரைப் பிடித்து வந்தார்கள். ஒரே நாளில் முப்பது நாளைக்குமான சரக்கு. டாக்டர் எட்டுச் சட்டை கொண்டுவந்து, திரைக்குப் பின்னால் போய்ப் போய் மாற்றி, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது போல "வணக்கம் நண்பர்களே" என்பார். கையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை வைத்துக்கொள்வார். ஒரு வீடியோ முழுக்க அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதைப் பார்த்த ஆயிரத்து இருநூறு பேரில் ஒரு கசாப்புக் கடைக்காரர் மட்டும்தான், 'சார், திருப்பிப் பிடிங்க' என்று எழுதினார்.

எல்லாம் சரி, வியாழக்கிழமைதான் உதைத்தது. வியாழன் என்றால் 'குணமானவர் கதை'. குணமானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முகத்தைக் காட்டத்தான் ஆளில்லை. ஒரு டீச்சரம்மா, "பசங்க பார்த்தா கிண்டல் பண்ணுவாங்க" என்று நழுவினார். ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வரத் தயாராக இருந்தார், ஆனால் கழுத்து வலியைப் பற்றி ஒரு வரியும் பாலிசியைப் பற்றி ஒன்பது வரியும் பேசுவேன் என்றார். சார்ட்டில் வியாழக்கிழமைக் கட்டங்கள் மட்டும் காலியாக இருந்து அவள் கண்ணை உறுத்தின. கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் அவளுக்குத் தன் வீட்டுக்காரரின் நினைப்பு வந்தது.

அவர் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடம் ஒரே சீட்டில் குலுங்கியதில் இடுப்பு வலி வந்து, டிப்போவில் ஆறு வாரம் மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தார்கள். நேராக நடப்பார், படி ஏறுவார். உட்கார்ந்து எழும்போது மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல். டாக்டர் பார்த்துவிட்டு, "தசைப் பிடிப்புதான், மூணு வாரத்துல சரியாயிடும்" என்று சொல்லியிருந்தார். மூன்று வாரம் என்றால் மூன்று வியாழக்கிழமை. முதல் வியாழன் வலி, இரண்டாவது வியாழன் முயற்சி, மூன்றாவது வியாழன் வெற்றி. அவள் சந்தோஷத்தில் ஸ்கெட்ச் பேனாவைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்று சட்டையோடு வந்தார். சிகிச்சை திங்கட்கிழமைதான் தொடங்குவதாக இருந்தது. ஆனால் வீடியோக்காரர் அடுத்த மாதம்தான் மறுபடி வருவார் என்பதால், வலியும் முயற்சியும் வெற்றியும் அன்றைக்கே நடந்தாக வேண்டும். அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. வீடியோக்காரர் அனுபவஸ்தர்.

"வியர்க்கிறதுக்கு முன்னாடி குணமானதை எடுத்துடலாம் சார். நொண்டுறதைக் கடைசில வெச்சுக்கலாம், அதுக்குள்ள முகமும் தானா வாடிடும்" என்றார்.

குணமானதற்கு அடையாளமாக வீட்டுக்காரர் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கித் தோளில் வைத்துச் சிரிக்க வேண்டும். இது மச்சினனின் யோசனை. முதல் தடவை காலிக் கேனைத் தூக்கினார். காலி என்பது அப்பட்டமாகத் தெரிகிறது, மக்களை ஏமாற்றக் கூடாது என்றான் மச்சினன். கேனை நிரப்பினார்கள். நிறைந்த கேனோடு ஆறு தடவை எடுத்தார்கள். ஒரு தடவை செடி விழுந்தது, ஒரு தடவை டாக்டரின் போன் அடித்தது. பிறகு சட்டை மாற்றி முயற்சியை எடுத்தார்கள். கடைசியில் நொண்டும் காட்சி. அதில் அவர் வலது காலை இழுத்து இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்த அழகைப் பார்த்து அறையே கைதட்டியது.

"சார், நீங்க தப்பித்தவறி டிரைவர் ஆயிட்டீங்க. நடிக்க வந்திருக்கணும்" என்றான் மச்சினன்.

அவர் நடிக்கவில்லை என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கைதட்டல் விழும்போது அதையெல்லாம் யார் சொல்வார்கள்? வீட்டுக்குப் போகும் வழியில்தான், "கேனைத் தூக்கினதுல கால்ல சுரீர்னு ஒண்ணு இறங்குது" என்று அவளிடம் சொன்னார்.

திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கியது. டாக்டர் ஒத்தடம் கொடுத்தார், இழுத்தார், நீட்டினார், மடக்கினார். வலி இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து கெண்டைக்கால், அங்கிருந்து பாதம். இரண்டாவது வாரம் பாதத்தில் வலி நின்றுவிட்டது. "பார்த்தியா, குறையுது" என்றார் வீட்டுக்காரர் அவளிடம். நின்றது வலி மட்டுமல்ல, பாதத்தில் தொடு உணர்ச்சியே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒருநாள் கடைக்குப் போனவர் இடது காலில் செருப்போடும் வலது காலில் ஒன்றுமில்லாமலும் வந்து நின்றார். செருப்பு எங்கே கழன்றது என்று கேட்டால், குனிந்து பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார்.

மூன்றாவது வியாழனுக்கு முந்தின நாள் அவள் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாளைக்கு அவர் குணமாகிற வீடியோ வருது. அவருக்கு இன்னும் குணமாகலையே."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஆயிடும்மா. வீடியோ நாலு நாள் முந்திக்குது, அவ்வளவுதான்."

"தள்ளி வெச்சுக்கலாமா?"

மச்சினன் பதறிவிட்டான். "அக்கா, என்னக்கா பேசறீங்க? மூணாவது எபிசோடுக்கு ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. பிளானை உடைச்சா ரீச் அப்படியே விழுந்துடும்!"

பாஸ்வேர்ட் அவளிடம்தான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வீடியோ நின்றிருக்கும். அழுத்தவில்லை. அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்பது பாதிக் காரணம். அந்த வீடியோவுக்கு, 'மூன்றே வாரத்தில் என் கணவரை எனக்குத் திருப்பித் தந்தார்கள்' என்று அவள் எழுதியிருந்த வாசகத்தை விட்டுவிட மனசு வரவில்லை என்பது மீதி.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் ஊரறியக் குணமானார். மதியத்துக்குள் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள், சனிக்கிழமை காலையில் நாற்பதாயிரம். நாத்தனார் போன் செய்து, "அண்ணி, அண்ணன் கேனைத் தூக்கினப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு" என்றாள். பத்து வருடமாகப் பேசாத சித்தப்பா ஒருவர், தன் முழங்காலுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டார். வீட்டுக்காரர் மரத்துப்போன காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வந்த பாராட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். அவர் குரல் ஸ்பீக்கர் போடாமலே ஸ்பீக்கர் போட்டது போல இருக்கும்.

"என்னய்யா, இருபது லிட்டர் கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு பல்லைக் காட்டுற, ஸ்டீயரிங் பிடிக்க மட்டும் இடுப்பு வலிக்குதா? இங்க ஆளில்லாம நான் திண்டாடிக்கிட்டிருக்கேன். திங்கட்கிழமை காலையில வந்து வண்டியை எடு."

"வர்றேன் சார்" என்றார் இவர்.

அவள் ஸ்டூல் மேல் இருந்த காலைப் பார்த்தாள். "என்னங்க இது? பிரேக்கை எந்தக் கால்ல மிதிப்பீங்க?"

"பத்தொன்பது வருஷமா மிதிக்கிறேன். காலுக்குத் தெரியும்."

"செருப்பு கழன்றதே அந்தக் காலுக்குத் தெரியலையே."

"இப்ப போய் முடியலைன்னு நின்னா என்ன நினைப்பாங்க? நாப்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்கடி. ஏமாத்துக்காரன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நிலையத்துக்குப் போனாள். இன்னும் வண்டி ஓட்டத் தகுதி வரவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் அவரிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

டாக்டர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மறுபடியும் மூடினார். "எப்படிம்மா எழுதுறது? குணமாக்கிட்டேன்னு நானே வியாழக்கிழமை சொல்லிட்டு, குணமாகலைன்னு நானே சனிக்கிழமை எழுதினா, என் பேர் என்னாகும்?"

"அவர் கால் என்னாகும் சார்?"

"ஒரு ஐடியா அக்கா" என்று மச்சினன் குறுக்கே வந்தான். "அடுத்த மாசம் இதையே இரண்டாம் பாகமா எடுக்கலாம். வலி திரும்பி வருது, நாம மறுபடி ஜெயிக்கிறோம். செம்மையா போகும்."

அவள் வாழ்க்கையில் யாரையும் கை நீட்டி அடித்தவளில்லை. அன்றும் அடிக்கவில்லை. சுவரில் இருந்த சார்ட் அட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, பிளாஸ்டிக் செடியின் தொட்டிக்குள் சொருகிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். டாக்டர் புது நோயாளிகளுக்கு இப்படிச் செய்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

"கண்ணை மூடுங்க. நான் கட்டை விரலை அழுத்துறப்ப சொல்லுங்க."

"இது என்ன விளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். அவள் நகம் பதியும்படி அழுத்தினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலைத் திருகினாள். "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். அவள் கையை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவராகவே, "ஆங், இப்ப அழுத்துற. நல்லாத் தெரியுது" என்றார். சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தார். அவளுடைய இரண்டு கையும் அவள் கன்னத்தில் இருந்தன. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் தன் கட்டை விரலையே பார்த்தார். நகத்தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "என் ரூட்டுல அந்தப் பாலத்து இறக்கத்துல வண்டிக்குள்ள எப்பவும் அறுபது பேருக்குக் குறையாம இருப்பாங்க" என்றார். பிறகு, "நாளைக்கு நீயும் கூட வா. எனக்கு வாய் வராது" என்றார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் டிப்போ மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க வண்டிச் சாவிகள் தொங்கின. அவள் நடந்ததைச் சொன்னாள். மேனேஜர் நம்பவில்லை. வண்டியை எடுக்காமல் தப்பிக்க டிரைவர்கள் அவரிடம் சொல்லாத கதை கிடையாது.

"அப்ப குணமான வீடியோவை முதல்ல எடுத்துட்டு, நோயை அப்புறம் எடுத்தாங்கங்கிற. என் காதுல பூ சுத்துறியாம்மா?"

வீடியோக்காரர் அன்று எடுத்ததையெல்லாம் வெட்டாமல் அப்படியே அவளுக்கும் அனுப்பியிருந்தார். வெட்டி ஒட்டி வருவதைப் போடுவது மட்டும்தான் அவள் வேலை என்பதால், அதை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்து, தேதியைக் காட்டி, போனை மேஜைமேல் வைத்தாள்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். காலிக் கேன் வந்தது. நிறைந்த கேன் வந்தது. மக்களை ஏமாற்றக் கூடாது என்று மச்சினன் சொன்னதும் வந்தது. மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செடி விழுந்தது, டாக்டரின் போன் அடித்தது. ஐந்தாவது தடவை முடிந்ததும் இவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, நிமிர முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதுகுல ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கு, போதுமே" என்றார். பிறகு கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், மிகவும் செல்லமாக, "இன்னும் ஒரே ஒரு தடவைங்க. இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே தூக்குங்க, என்ன?" என்றது.

அவர் சிரித்துக்கொண்டே தூக்கினார்.

மேனேஜர் வீடியோவை நிறுத்தினார். "யாரும்மா இது, இந்தக் குரல்?"

அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். மறந்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள், அவளே நம்பவில்லை.

"நான்தான் சார்."

"அவ சொல்லலைன்னாலும் தூக்கியிருப்பேன் சார்" என்றார் வீட்டுக்காரர் அவசரமாக. "கேமரா ஓடிக்கிட்டிருந்தது இல்ல?"

மேனேஜர் எழுந்தார். சாவிப் பலகையிலிருந்து இவருடைய வண்டிச் சாவியை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் படிவம் ஒன்றை எடுத்து, இன்றைக்கே போய் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். படிவத்தில் 'பாதிப்பு ஏற்பட்ட விதம்' என்று ஒரு நீளக் கட்டம் இருந்தது.

"இதை நீயே எழுதிடும்மா. எனக்கு இதை எப்படி எழுதுறதுன்னு தெரியலை."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். வழக்கமாக ஒரு வரிக்கு மூன்று தடவை அடித்துத் திருத்துவாள். இதை ஒரே மூச்சில் எழுதி நீட்டினாள். மேனேஜர் வாய்விட்டுப் படித்தார். "நோய் குணமாகிவிட்டதாகக் காட்டுவதற்காக, சிகிச்சை தொடங்கும் முன்பே, நிறைந்த தண்ணீர் கேனை ஆறு முறை தூக்கியது. ஐந்தாவது முறை வலிக்கிறது என்று சொன்னார். ஆறாவது முறை தூக்கச் சொன்னது மனைவி."

படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரி வேண்டாமேம்மா. ஆஸ்பத்திரியில அதெல்லாம் கேட்க மாட்டாங்க."

"இருக்கட்டும் சார்" என்றாள்.